நன்றாக வாசிக்கிற பிள்ளை

வில்யரேஸ்,
ஜூன் மாதம், முதல் செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அதேலியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம், பிலிப்பா சுகம், ஆடுகளும் சுகம். லக்சம்பர்க்கில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்தக் கிழவி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் இருப்பது சமையலறையில், உன் மகள் எந்நேரமும் இருப்பதும் சமையலறையில். அவளை வைத்துக்கொண்டு பேசுகிற விஷயமில்லை இது. சாமான் வண்டி வெள்ளிக்கிழமை உங்கள் பக்கம் புறப்படுகிறது. எண்ணெய் டின்னுக்கும் சொரிசோ இறைச்சிப் பொட்டலத்துக்கும் நடுவில் இதைச் செருகி அனுப்புகிறேன். காகிதத்தில் எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் திட்டு வாங்குகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ போடச் சொன்ன கையெழுத்தை நான் போடவில்லை.

பிலிப்பாவை ஏழாம் வகுப்பிலேயே மறுபடியும் நிறுத்திவைக்கப் போகிறோம், வீட்டுப் பெரியவர் சம்மதம் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தார்கள். "ரெண்டு தடவ ஒரே பெஞ்சுல உக்காந்தாத்தான் அந்தச் சோம்பேறிக்குப் புத்தி வரும். போட்டுத் தொலைம்மா" என்று நீ கத்தினாய். போடத்தான் இருந்தேன். வாத்தியார்மார் எல்லோரும் அதையேதான் எழுதி அனுப்பியிருந்தார்கள்: நன்றாக வாசிக்கிறாள், ஆனால் படிக்க மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பூசையில் வாசகம் வாசிப்பது இப்போதெல்லாம் நம் பிலிப்பாதான், உனக்குத் தெரியும். அவள் மேடையேறினால் கடைசி பெஞ்சில் தூங்குகிற ஆண்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரில் யாருக்கு மருந்துச் சீட்டு வந்தாலும், மின்சார ஆபீசிலிருந்து காகிதம் வந்தாலும், அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு ஆடு மேய்க்கப் போனவள். என் பேத்தி நிற்கிற நிலையைப் பார்த்து முதல் பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு மார்பு விம்மும். பொய் சொல்ல மாட்டேன், அதற்காகவே கறுப்புச் சால்வையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போவேன். கிறிஸ்துமசுக்கு நீ எழுதிய கடிதத்தைக்கூட பக்கத்து வீட்டு ஜெனரோசா, அவள் நாத்தனார், நான் எல்லோரும் இருக்கும்போது குரல் நடுங்காமல் வாசித்தாளே, என்ன நெஞ்சுறுதி இந்தப் பிள்ளைக்கு என்று நான் வியந்தேன்.

இந்த ஞாயிறு ஆயரிடமிருந்து சுற்றுமடல் வந்திருந்தது. நோர்பெர்த்தோ சாமியார் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி அதை பிலிப்பா கையில் கொடுத்தார். தொண்டையாவது கட்டுவதாவது! வாசிக்க அவருக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான். "குருக்களின் எண்ணிக்கைக் குறைவையும் மேய்ப்புப்பணியின் மறுசீரமைப்பையும் கருத்திற்கொண்டு, இதுவரை கிளைப் பங்குகளில் நிகழ்ந்துவந்த ஞாயிறு வழிபாடுகள் பேத்ரோசு மையத்தில் ஒருங்கிணைக்கப்படுவது" என்று அப்படியே நீண்டுகொண்டு போனது. பிலிப்பா அதைத் தேன் ஊற்றுவதுபோல் வாசித்தாள். நாங்கள் இரண்டு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த செய்தி அது. முதல் வரியிலேயே எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து நம் கோவிலில் ஞாயிறு பூசை கிடையாது, பேத்ரோசு ஊருக்குத்தான் போக வேண்டும். ஜெனரோசா வாய்விட்டு அழுதாள். ஆண்கள் தொப்பியைக் கசக்கிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

பிலிப்பா இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் காதில், "அம்மாச்சி, ஏன் எல்லாரும் அழுவுறாங்க? நான் எங்கயாச்சும் தப்பா வாசிச்சிட்டேனா?" என்று கேட்டாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. "கோவில மூடுறாங்கன்னு நீதானடி இப்ப வாசிச்ச" என்றேன். "நானா? அதுல அப்படியா இருந்துச்சு?" என்றாள். வெளியே வரும்போது ஜெனரோசா வேறு, "உன் பேத்தி வாயில சாவுச் சேதிகூடக் கல்யாணப் பத்திரிகை மாதிரியில்ல இருக்கு!" என்று போகிறபோக்கில் குத்திவிட்டுப் போனாள். நான் பிலிப்பாவின் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அவள் வகுப்புக்குப் பொறுப்பானவர் சில்வேரியோ வாத்தியார், அறிவியல் பாடம். நல்ல மனுஷர்தான். "தெயோலிந்தாம்மா, உங்க பேத்தி மாதிரி வாசிக்க என் வகுப்புல ஆள் கிடையாது. அதனாலதான் பாடத்த தெனமும் அவளையே வாசிக்கச் சொல்றேன், மத்தவங்க கேக்குறாங்க. ஆனா பரீட்சையில வெள்ளப் பேப்பரக் குடுக்குறா. இது திமிரில்லாம என்ன?" என்றார். நான், அவளைக் கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு அந்தப் பக்கத்திலிருந்தே கேளுங்கள் என்றேன். கிழவிக்கு ஏதோ கோளாறு என்பதுபோல் பார்த்தார். ஆனாலும் கூப்பிட்டார்.

மேசைமேல் புத்தகத்தை விரித்துவைத்தார், எரிமலைப் பக்கம். பிலிப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசித்தாள். பக்கத்து அறை டீச்சர்கூட வாசலில் வந்து நின்று கேட்டாள். முடிந்ததும் வாத்தியார், கல் எப்படி உண்டாகிறது என்று கேட்டார். புத்தகத்தில் இருந்த வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் சொன்னாள். "அது புத்தகம் சொல்றது. நீ சொல்லு. வெளிய வந்த குழம்பு அப்புறம் என்ன ஆகுது? சூடாகுதா, ஆறுதா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு மெல்ல, "சார், காற்புள்ளி எங்கயாச்சும் விட்டுட்டேனா?" என்று கேட்டாள்.

அதேலியா, அந்த மனுஷர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, "ரெண்டு வருஷமா இவள ஒலிபெருக்கி மாதிரி வெச்சிருந்திருக்கேன். சோம்பேறின்னு என் கையாலயே எழுதியிருக்கேன்" என்றார். பையில் இருந்த இரண்டு பீச் பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

சம்மதக் காகிதம் கையெழுத்தில்லாமல் என் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் கிடக்கிறது. வாத்தியார்மார் கூடி முடிவெடுப்பது இந்த மாதக் கடைசியில். அவளைத் திட்டாதே. போனில்கூட வேண்டாம்.

இன்னொன்று. உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், மெத்தையை வெயிலில் போட வேண்டும் என்று பிலிப்பா நச்சரிக்கிறாள். இப்போது என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைக்கு ஏதாவது வேலை வேண்டும்போல. செய்யட்டும்.

மருமகனுக்கு என் ஆசீர். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா
தெயோலிந்தா


வில்யரேஸ்,
புனித யோவான் திருநாளுக்கு மறுநாள்

அன்பு மகள் அதேலியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்றுத் திருநாளுக்கு மத்தி மீன் சுட்டோம். நம் கோவிலில் இதுதான் கடைசித் திருநாள் பூசை என்று எல்லோரும் வந்திருந்தார்கள், பேத்ரோசுக்காரர்கள்கூட. பழுப்பு ஆடு ஒன்று குட்டி போட்டது. பெட்டை.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் முடிந்துவிட்டது. பிலிப்பா எட்டாம் வகுப்புக்குப் போகிறாள்.

நீ ஒரேயடியாகச் சந்தோஷப்படுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே என்னை விடமாட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியிருந்தாலும் சரித்திர டீச்சர் குரல் தெருவுக்கே கேட்டது. "வாசிக்கச் சொல்லித்தர்றது என் வேலையா? நான் ராஜாக்களப் பத்தி நடத்தவா, அ ஆ நடத்தவா?" என்றாள். மொழிப்பாட டீச்சர், அது சின்னப் பள்ளிக்கூடத்திலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை என்றாள். சின்னப் பள்ளிக்கூடத்து டீச்சரைக் கேட்டால், என்னிடம் இருந்தவரை அவள்தான் முதல், வேண்டுமானால் வந்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள் என்பாள். அதுவும் உண்மைதானே!

சில்வேரியோ வாத்தியார் வெளியே வந்த பிறகு எனக்கு விளக்கினார். வாசிப்பில் சிரமப்படும் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு டீச்சர் இருக்கிறாள். நான் வந்துபோன அன்றைக்கே அவளிடம் ஓடியிருக்கிறார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். வாசிப்பு ஒரே வேலை இல்லையாம். முதலில் எழுத்தைப் பார்த்து ஓசையைப் பிடிக்க வேண்டும். பிறகு தடுக்காமல் ஓட வேண்டும். அதுவரைக்கும் நம் பிள்ளை எல்லோருக்கும் முன்னால் ஓடியிருக்கிறாள். ஒன்பது பத்து வயதுக்கு மேல் வழி திரும்புகிறது. அதுவரை தெரிந்த கதையைத்தான் வாசித்தார்கள். அதற்குப் பிறகு, தெரியாததை வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அது வேறு வேலை. அதிலும் எரிமலையை வாசிக்கிற விதம் வேறு, ராஜாவை வாசிக்கிற விதம் வேறு, கணக்கை வாசிக்கிற விதம் வேறு. அந்தந்தப் பாடத்துக்காரர்தான் கைபிடித்துக் காட்ட முடியும். "அந்தத் திருப்பத்துல எங்கள்ல ஒருத்தரும் நிக்கல தெயோலிந்தாம்மா. அங்க இன்னொருத்தர் நிக்கிறார்னு ஒவ்வொருத்தரும் நெனச்சோம். பிள்ளை எந்தப் படியில நிக்குதுன்னு பாக்கணும்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தரல, நாங்களும் கேக்கல" என்றார்.

கூட்டத்துக்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்திருக்கிறார். ஒவ்வொரு வாத்தியாரும் தாங்கள் சோம்பேறி என்று எழுதின பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து, ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி, சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். சிலர் செய்தார்கள். கணக்கு வாத்தியார் கூட்டத்தில் எழுந்து நின்று, "பிலிப்பாவுக்குக் கணக்கு வருது. நான் கதையாச் சொன்னா மடமடன்னு போடுறா. புத்தகத்தக் குடுத்தாத்தான் நிக்கிறா. அவ மட்டும் இல்ல, என் வகுப்புல பாதிப் பேர் இப்படி இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றாராம். பிலிப்பாவை மேலே அனுப்பலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றபோது, சரித்திர டீச்சர் கடைசிவரை தூக்கவில்லையாம். ஆனால் வெளியே வரும்போது என்னைப் பார்த்து நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

அடுத்த வருஷம் பாடத்தைச் சத்தமாக வாசிக்கிற வேலை பிலிப்பாவுக்கு இல்லை. ஒரு வாக்கியம் வாசித்தால் நிறுத்த வேண்டும், இது என்ன சொல்கிறது என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். எல்லாப் பாடத்திலும் அப்படித்தான். விடுமுறையிலேயே பழகு என்று சில்வேரியோ வாத்தியார் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அதேலியா, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சுபச்செய்தி. இனிமேல் எழுதுவதற்குத்தான் எனக்குக் கை வரவில்லை.

பழகுவதற்கு என்ன எடுத்தாள் தெரியுமா? உன் கிறிஸ்துமஸ் கடிதத்தை. தலையணைக்குக் கீழேதான் வைத்திருக்கிறாள். நேற்று மத்தி மீனெல்லாம் முடிந்து, நான் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அதில் நீ நேராக எழுத மனம் வராமல் சுற்றிச் சுற்றி எழுதியிருந்தாயே, "இங்குள்ள வேலை ஒப்பந்தங்களின் நிலைமையை உத்தேசித்து, கோடைக்காலத்தில் நாம் ஒன்றாக இருப்பது வரும் வருடம் கைகூடாமல் போகக்கூடும்" என்று, அந்த இடத்தில் நின்றாள். மறுபடி வாசித்தாள். குரல் இல்லாமல் உதடு மட்டும் அசைந்தது.

பிறகு, "அம்மாச்சி, அம்மா ஆகஸ்ட்ல வரலியா?" என்று கேட்டாள்.

சட்டியை அப்படியே வைத்துவிட்டு அவளிடம் போனேன். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் இவளே வாசித்த கடிதம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் வாசித்தாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட கடிதம். ஞாயிறு போனில் நீயும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, அவளும் கேட்பதில்லை. தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவள், வருஷா வருஷம்போல் ஆகஸ்டில் நீ வருவது நிச்சயம், அதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்திருக்கிறாள்.

"உங்களுக்கு இது அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். எழுந்து உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த அறைக்கு அவளே சுண்ணாம்பு அடித்திருக்கிறாள், அதேலியா. மெத்தையை வெயிலில் போட்டு, புது விரிப்பு விரித்து, ஜன்னலில் கார்னேஷன் பூச்செடி வைத்திருக்கிறாள். எனக்கு அது எதற்கென்று புரியவில்லை என்று போன கடிதத்தில் எழுதினேனே, அதை எழுதிய இந்தக் கையைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நீ அங்கே எவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். வா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்கு ஒரு கடிதம் எழுது. வருகிறாய் என்றால் வருகிறேன் என்று எழுது. இல்லையென்றால் இல்லை என்று எழுது. வண்டிக்காரர் ஞாயிறு அங்கிருந்து கிளம்புகிறாராம், அவரிடம் கொடுத்துவிடலாம்.

தேவமாதா உன்னைக் காப்பாளாக. இனி உன் மகளுக்கு எழுதினால் புரியும், மகளே. பார்த்து எழுது.

உன் அம்மா
தெயோலிந்தா