ஓர் ஊர் மட்டும்

மகனே,

எனக்கு எழுதத் தெரியாததால் பக்கத்து வீட்டு ஒடெத் எழுதித் தருகிறாள். அவள் முன்னால் இதைச் சொல்லவே கூசுகிறது.

உன் ஒப்பந்தப்படி, உன் சம்மதமில்லாமல் உன்னை வேறு எந்த அணிக்கும் மாற்ற முடியாது. உன் மகள் மெலீன் தன் அம்மாவோடு இருக்கும் ஊருக்கு மட்டும்தான் போவேன் என்று என்னிடம் மட்டும்தானே சொன்னாய். ஐஸ் ஹாக்கித் திடல் வாசலில் காபி வாங்கிக் கொடுத்த ஒருவனிடம் அதை நான் பெருமையாக உளறிவிட்டேன். அவன் அந்த ஊர் அணியின் ஆள் என்று பிறகுதான் தெரிந்தது.

உன்னை வேறு யாருக்கும் கொடுக்க வழியில்லை என்று தெரிந்ததும், அந்த அணிக்காரர்கள் உனக்கு ஈடாக முழங்கால் போன ஒரு கிழட்டு ஆட்டக்காரனைத்தான் தருகிறார்களாம். உங்கள் மேலாளர் முடியாது என்றுவிட்டார். குழந்தை பக்கத்தில் நீ இருக்க முடியாமல் போனது என் வாயால்தான்.

நேற்று அவன் மறுபடி வந்தான். "என்ன பெருசு, உன் மவன் எங்ககிட்டதானே வந்தாகணும்?" என்று சிரித்தான்.

"அது போன வாரம், தம்பி. இப்ப மேற்கே இன்னொரு ஊருக்கும் சரின்னுட்டான். அவங்க ரெண்டு இளவட்டங்களத் தர்றாங்களாம்" என்றேன்.

காபியை அப்படியே வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

நான் சொன்னது பொய்தான். என்னோடு நீ பேச வேண்டாம். மேற்கே போகவும் சம்மதமா என்று உன் மேலாளர் கேட்டால், அவர்கள் நல்ல ஈடு தரும்வரை ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடு.

உன் முகத்தில் விழிக்க வெட்கப்படும்,
அப்பா