யானைக்கு நீட்டாத கை

நேற்று ஆயுத பூஜை. கை கால் முடங்கிய பிள்ளைகளுக்கான நம் பயிற்சி மையத்தில் ஒவ்வொரு பொருளாகத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். கணினியின் மேல் நீ பொருத்திய கேமராவை எடுத்தால், போன வருடம் நீ வைத்த குங்குமம் கண்ணாடி ஓரத்தில் அப்படியே இருக்கிறது. "கண்ணுலயே வச்சிட்டியேடி, அது எப்படிப் பாக்கும்?" என்று அன்று உன்னைப் பார்த்துக் கத்தினேன். நேற்று அதைத் துடைக்கக் கை வரவில்லை. மார்கழியில் நீ கண்ணை மூடிய பிறகு வந்த முதல் பூஜை இது.

பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகளை நினைத்துக்கொண்டேன். ஏழு வயது, மூளைவாதத்தால் மடங்கிய இடக்கை. தூக்கு என்றால் தூக்கமாட்டாள். பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொள்வாள். அதற்காகத்தானே நீ அந்த ஆட்டத்தைச் செய்தாய்! திரையில் கோயில் யானை நிற்கும். பிள்ளை கையை நீட்டினால் வாழைப்பழம் யானையிடம் போகும். கை எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு விரிந்தது என்று கேமரா குறித்துக்கொள்ளும். கையில் அசைவு இருந்தால் பயிற்சி, இல்லையென்றால் அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வலக்கையை மடியில் வைக்கச் சொல்லி மூன்று நாள் ஆடவிட்டோம். மூன்று நாளும் பூஜ்ஜியம். காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள் மாதிரி நிற்பவள்தானே நான்? 'அசைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நீ தாளைப் பிடுங்கினாய்.

"அவளக் கேட்டியாடி?"

"கேக்கறதுக்கு இன்னாடி இருக்குது? மெஷினே சொல்லுதே!"

நீ தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். "ஏன் கண்ணு, யானைக்குப் பசிக்குதே, குடுக்கமாட்டியா?"

அவள் உன் காதருகே வந்து சொன்னாள்: "பீச்சாங்கையால குடுக்கக் கூடாதுக்கா. அது சாமி யானை."

அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நாந்தாம்மா சொல்லிச் சொல்லி வளத்தேன். அந்தக் கையால எதுவும் குடுக்காதேன்னு." எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நானும் அப்படி வளர்ந்தவள்தானே, எனக்கு ஏன் தோன்றவில்லை?

இரண்டே நாளில் யானையை எடுத்துவிட்டுக் குரங்கை வைத்தாய். பழத்தைப் பிடுங்க வரும் குரங்கை விரட்ட எந்தக் கையானால் என்ன? "போ! போ! பழத்த வை!" என்று கத்திக்கொண்டே அவள் இடக்கையைத் தோள்வரை தூக்கினாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். நான் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அறுவை சிகிச்சை வேண்டாம், பயிற்சியே போதும் என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் பூஜ்ஜியம் எழுதுமுன் தரையில் உட்கார்ந்து கேட்கிறேன். முழங்கால் வலிக்கிறது, உன்னைத் திட்டிக்கொண்டேதான் உட்காருகிறேன்.

நேற்று அவளும் பூஜைக்கு வந்திருந்தாள். பொரியும் கடலையும் கொடுத்தபோது வலக்கையை நீட்டினாள். யாரும் சொல்லாமலே, மெதுவாக, இடக்கையும் எழுந்து வந்து அதன் அடியில் சேர்ந்துகொண்டது. உன் கேமரா அணைந்து கிடந்தது; எந்த எண்ணும் பதிவாகவில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான். பார்க்க நீ இல்லையே!

உன் பங்குப் பொரியையும் அவளுக்கே கொடுத்தேன். மறுபடியும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.