கொழுப்பை விட்டவரின் ரொட்டி

அப்பா,

காலையில் உங்கள் சர்க்கரை பதினாறு மில்லிமோல். டாக்டர் பத்துக்குள் வைக்கச் சொன்னார். புலாவ் சோற்றில் ஆட்டுவால் கொழுப்பைச் சேர்ப்பதை விட்டீர்கள், நல்லது. அதனால் வரும் பசிக்கு மூன்று ரொட்டி தின்றால் என்ன பயன்? தேநீரில் போடும் கற்கண்டும் மருந்தில்லை, சர்க்கரைதான்.

சட்டியில் கோழியும் கொண்டைக்கடலையும் இருக்கின்றன. அதை வயிறாரச் சாப்பிடுங்கள். சமர்கண்டிலிருந்து துர்சுன் மாமா வந்தால் வழக்கப்படி ரொட்டியைப் பிய்த்து வையுங்கள். நீங்கள் ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

ஷவ்கத்

பி.கு.: "நைட் டியூட்டிக்குப் பயந்து ஆஸ்பத்திரி வேலையை விட்டவன், எனக்குப் பத்தியம் சொல்றியாடா?" என்று நேற்றுக் கேட்டீர்கள். பயந்துதான் விட்டேன். அங்கே சர்க்கரையால் கால் எடுக்கப்பட்ட உங்கள் வயதுக்காரர்கள், இல்லாத பாதத்தைச் சொறிந்துவிடச் சொல்லி விடியும்வரை என்னைக் கூப்பிடுவார்கள்.