தண்ணீர் குடித்த என்ஜின்

என்னங்க,

எழுப்ப மனம் வரவில்லை. ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறேன். மெக்கானிக் அண்ணன் போன் செய்தார். "தண்ணி உள்ள போனதுல பிஸ்டன் ராடு வளைஞ்சு என்ஜின் பிளாக்கையே உடைச்சிடுச்சும்மா. இனி இந்த என்ஜின் தேறாது" என்றார். வண்டியில் கிடக்கும் நம் சாமான்களையாவது எடுத்து வருகிறேன்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. நேற்றும் நீங்கள் தட்டைத் தொடவில்லை.

கார் பந்தயக் குழுவிலிருந்து ஆள் வருவார். திருப்பிக் கொடுக்க, அவர்கள் தந்த ஹெல்மெட்டையும் உடுப்பையும் நாற்காலியில் வைத்திருக்கிறேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பார். அது நடக்காது என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சண்டை போடாமல் கொடுத்து அனுப்புங்கள்.

என்ஜின் சூட்டுக் காற்றையே இழுக்கிறது, குளிர்ந்த காற்று கிடைத்தால் வண்டி பறக்கும் என்று நீங்கள்தான் காற்றுக் குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்கச் சொன்னீர்கள். "இவ்வளவு தாழ வச்சா மழைத்தண்ணியைக் குடிச்சிடும்ங்க" என்றேன். பாலத்தடியில் தேங்கிய தண்ணீரைக் குழாய் உறிஞ்சி வண்டி நின்றதும், "எல்லாம் உன் வாய் முகூர்த்தம்" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. நான் சொன்னது பலித்ததில் எனக்கென்ன சந்தோஷமா? அந்தக் குழாயை வளைத்துப் பற்றவைத்தது என் கைதானே.

மாடிக் கதவு திறந்திருக்கிறது. மழை வந்தால் சாத்துங்கள்.

பி.கு.: குழாயில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லையாம். கழற்றிக் கொண்டுவரட்டுமா, அங்கேயே விட்டுவிடட்டுமா? போன் பண்ணிச் சொல்லுங்கள். இதற்காகவாவது பேசுங்கள்.