கழுத்தளவு தண்ணீரில் ஊர்

கட்டாரில் இருக்கும் என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்: கடலோரச் சேற்றில் நிற்கும் நம் கண்டல் காடு தப்பிவிட்டது. இறால் பண்ணைக்கு அதை வெட்டக்கூடாதென்று நேற்று உத்தரவு வந்தது.

காலநிலை மாறுகிறது, கடல் ஏறுகிறது, கண்டல்தான் மிச்சக் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வருடக்கணக்கில் கத்தினேன். "அக்கா, நெத்தலி நல்லதோ? அதைச் சொல்லுங்கோ" என்றார்கள் கருவாடு வாங்க வந்தவர்கள். சரக்கைக் கண்ணில் காட்டாமல் யார் வாங்குவார்கள்?

கண்டலை வெட்ட விடலாமா என்று பார்க்க அதிகாரிகள் வந்த அன்று, ஒவ்வொரு குடும்பத்தையும் தங்கள் பழைய மீன்வாடி இருந்த இடத்தில் போய் நிற்கச் சொன்னேன். அந்த இடமெல்லாம் இப்போது கடல். ஊரே தண்ணீருக்குள் இறங்கியது. றோஸ்மேரி மச்சாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "ஐயா, இதுதான் எங்கட குசினி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ!" என்று கூப்பிட்டாள். முருங்கனிலிருந்து பஸ்ஸில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் இறங்கினார்கள்.

பெரிய அதிகாரி சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார். "கண்டலும் போனால்?" என்று கேட்டார்.

"பிறகு கோயில் வாசலிலதான் வலை போடுவம், ஐயா" என்றேன். கரை முழுக்கக் கைதட்டல்.

முன்னுக்கு நிற்காதே என்றீர்கள். உங்கள் அப்பாவின் வாடிக்கு வேறு யார் நிற்பது? கழுத்தளவு தண்ணீர், நின்றேன். இப்போது சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் பேசக் கூப்பிடுகிறார்கள். போகத்தான் போகிறேன்.

கோபம் என்றால், இங்கே வந்து கோபப்படுங்கள்.

உங்கள் மனைவி,
கருவாட்டுக் கடைக்காரி