இருளப்பசாமி சேர்த்த இரண்டு கை கோதுமை

பரளச்சி,
புதன்கிழமை.

அன்பு மகள் பிருந்தாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், ஆடுகளும் சுகம், மழைதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா, உன் வயிறு எப்படி இருக்கிறது, வயிற்றில் இருக்கிற பிள்ளை எப்படி இருக்கிறது. போனில் பேசாமல் அப்பா எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் ஸ்பீக்கரைப் போடுங்கள் என்று உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், இது அவள் காதில் விழக்கூடாத சங்கதி. அதனால்தான் இதை உன் அம்மா உனக்குச் சுட்ட பிஸ்கட் டப்பாவின் மேலேயே வைத்து, நாளைக்கு டப்ளினுக்குக் கிளம்புகிற கஸ்தூரி மகன் செல்வக்குமாரிடம் கொடுத்துவிடுகிறேன். படித்து முடிக்கும்வரை பிஸ்கட்டில் கை வைக்காதே.

கோதுமை துளி பட்டாலும் உன் குடல் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொன்னபோது, பரோட்டா தின்னு வளந்த பிள்ளைக்கு இது என்ன புதுச் சீக்கு என்று கேட்டவள் உன் அம்மா. போன சித்திரையில் நீ வந்து, அவள் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பெருங்காயத்தில் மைதா கலந்திருப்பார்கள் என்று எங்களுக்கு என்ன தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்திருக்கிறது. டப்பாவில் போட்டிருந்ததைப் படித்துவிட்டு, அம்மா முகம் வாடிவிடும் என்று பேசாமல் குடித்தாய் என்று மாப்பிள்ளை பிறகு என்னிடம் சொன்னார். இதை அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. இந்த பிஸ்கட்டையும் அப்படித் தின்றுவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம்.

நம் வீட்டு பிஸ்கட் தின்ன ஆசையாக இருக்கிறது என்று நீ வாய் தவறிச் சொன்னாலும் சொன்னாய், அன்றையிலிருந்து அவளுக்கு வேறு வேலை கிடையாது. நம் காட்டுக் குதிரைவாலி அரிசியை மில்லில் அரைத்து வந்து, கருப்பட்டியும் வெண்ணெயும் வறுத்த கடலைப் பொடியும் போட்டுப் பிசைந்து, சட்டியில் உப்பைப் பரப்பிச் சுட்டெடுத்தாள். டப்பாவில் அடுக்கி டேப்பும் ஒட்டியாகிவிட்டது. மறுநாள் டீக்கடையில் மில்லுக்கார இருளப்பசாமி என்னைப் பார்த்து, வெறும் குதிரைவாலி உதுந்து போகும்ல மாமா, வெளிநாட்டுக்குப் போறது நல்லா இருக்கட்டும்னு நம்ம வீட்டுக் கோதுமைல ரெண்டு கை சேத்து அரைச்சேன் என்கிறான். காசு வேண்டாம் என்று வேறு சொல்கிறான். பிரியமாகச் செய்தவனை என்னவென்று திட்டுவது. உன் அம்மா திட்டினாள். டப்பாவோடு கொண்டுபோய் மில்லு வாசலில் வைத்து, நீயே தின்னு என்றாள். அவன் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, நல்லாத்தானே அத்தை இருக்கு என்றானாம்.

வீட்டுக்கு வந்ததும் என்னை அருப்புக்கோட்டைக்கு விரட்டி, புது மிக்ஸி ஜார், புதுச் சல்லடை, புதுச் சட்டி, புது டப்பா எல்லாம் வாங்கி வரச் சொன்னாள். போன இடத்தில் பசிக்குப் பரோட்டா தின்றேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன், குளித்து வேட்டி மாற்றும்வரை அடுப்பங்கரைப் பக்கம் விடவில்லை. மிச்சமிருந்த அரிசியை வீட்டிலேயே அரைத்து மறுபடி சுட்டிருக்கிறாள். அதுதான் உன் கையில் இருப்பது. அவள் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அரிசிக்கு உமி நீக்கியது நரிக்குடி மெஷினில். அதில் முன்னால் என்ன ஓடியது என்று நேற்று போய்க் கேட்டேன், கம்புதான் என்றார்கள். சொல்கிறவர்கள் சொல்வார்கள், இருளப்பசாமி தானாக வாய் திறக்காவிட்டால் அந்தக் கோதுமையும் நமக்குத் தெரிந்திருக்காது. என்னால் சத்தியம் பண்ண முடியாது மகளே. உனக்குத் துளி சந்தேகம் இருந்தாலும் சாப்பிடாதே. உன் அம்மாவிடம் சாப்பிட்டேன் என்று பொய் சொல், அந்தப் பாவம் எனக்கு வரட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மா வந்து காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். முழுக்கப் படித்தாள், பெருங்காய விஷயத்தை இரண்டு தரம் படித்தாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன், வரவில்லை. பேனாவைக் கொடுங்கள், கடைசியில் நான் ஒரு வரி எழுத வேண்டும் என்கிறாள்.

நம் குலசாமி உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும், தீர்க்காயுசாக இரு. மாத்திரையை மறக்காதே, குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மாரிக்கண்ணன்

பிருந்தா, இனிமே எம் மொகத்துக்காக எதையும் தின்னாத. டப்பா வந்துருச்சுன்னு மட்டும் சொல்லு, போதும்.
அம்மா