வேலையாட்கள் இல்லாத பண்ணை

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமா? இடக்கையால் எழுதப் பழகுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

நேற்றுத் தொழிலாளர் காப்பீட்டு அலுவலகம் போனேன். தக்காளி தரம் பிரிக்கும் மெஷினில் விரல்கள் போனதற்கு உதவித்தொகை கிடையாதாம். நான் பண்ணையில் வேலையே செய்யவில்லையாம். "மேற்பார்வை பாக்குற உங்கண்ணன்தாம்மா வந்து சொன்னாரு. தங்கச்சி என்னைப் பாக்க வந்தா, விளையாட்டா கையை வெச்சுட்டான்னு" என்றார் அங்கிருந்த அம்மாள்.

ஆறு வருஷமாக விடியுமுன் உன் பின்னால் வேலைக்கு வந்தவளை விருந்தாளி ஆக்கிவிட்டாயே. ஏன் என்று மட்டும் சொல்.

உன் தங்கை

மார்ச் 15

பாசமுள்ள தங்கச்சிக்கு,

கோபப்படாதே. முதலாளி நம்மில் ஒருவரைக்கூட வேலையாள் என்று காப்பீட்டில் பதிவு செய்யவில்லை என்பது உனக்குத் தெரியாததா? உண்மையைச் சொன்னால் எல்லோர் பிழைப்பிலும் மண் விழும். அவர் உன்னைக் கைவிடமாட்டார். ஒரு பெட்டி முட்டைக்கோஸ் அனுப்பச் சொல்லியிருக்கிறார். கூடப்பிறந்தவன்மேல் வழக்கு கிழக்கு என்று போய்விடாதே.

அண்ணன்

ஆகஸ்ட் 2

தங்கச்சிக்கு,

இத்தனை மாதமாக உன்னிடமிருந்து பதிலே இல்லை. பெட்டியையும் திருப்பி அனுப்பினாயாமே.

டிராக்டர் கவிழ்ந்து என் இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. புரண்டு படுக்கவும் அண்ணி வேண்டும். முதலாளி அலுவலகத்தில் என்ன சொன்னார் தெரியுமா? நான் அவருடைய பழைய சிநேகிதனாம், ஆசைக்கு வண்டி ஓட்டிப் பார்த்தேனாம். நீயும் பண்ணையில் வேலை செய்யும் மற்றப் பெண்களும் போய் நான் வேலையாள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உன்னை விட்டால் எனக்கு யார்?

அண்ணன்

செப்டம்பர் 9

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் மனம் குளிரச் சிரித்தேன். மறைக்கவில்லை. பிறகு களையெடுக்கும் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனேன்.

நீ வேலையாள்தான் என்று சொன்னோம். நீ வேலையாள் என்றால், நீ வேலை வாங்கிய நாங்களும் வேலையாட்கள்தானே. அதற்காகத்தான் சொன்னேன், உனக்காக அல்ல. சோதனைக்கு ஆள் வந்தபோதெல்லாம் நீ எங்களைப் பம்புசெட் அறையில் போட்டுப் பூட்டியதையும் சொன்னேன்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "சொந்த அண்ணன்மா. இதையும் எழுதணுமா?"

"எழுதுங்க சார். ஒண்ணு விடாம எழுதுங்க."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரையும் பதிவு செய்ய உத்தரவாகிவிட்டது. முதலாளிக்கு அபராதம். எனக்கு உதவித்தொகை வரும். உனக்கும் உண்டு, ஆனால் நீ பொய் சொன்னதற்கான விசாரணை முடியும்வரை வராது. நீ நேரில் வந்து, அந்தப் பெண்கள் முன்னால், உன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் நடக்கவேண்டும் என்று கேட்டதே நான்தான்.

வீட்டுக்கே வந்து விசாரிக்கச் சொல்லக்கூடாதா என்று அண்ணி வந்து அழுதாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சாப்பிடவைத்துத்தான் அனுப்பினேன். ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இருபதாம் தேதி விசாரணை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உன்னைத் தூக்கி வர அந்தப் பெண்களிடமே சொல்லியிருக்கிறேன். பயப்படாதே, மூட்டை தூக்கிப் பழகிய தோள்கள். கீழே போடமாட்டார்கள்.

தங்கை